அப்பாவுக்கு வைத்த வெடி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். மன்னாரிலிருந்து படகில் தப்பி வந்து, விருதுநகர் பக்கத்து அகதி முகாமில் அம்மாவும் நானும் இருந்தோம். சிவகாசி போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாளே டீச்சர், "ஒங்க அப்பா என்ன செய்றாக?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு வெடி வைச்சிட்டாங்கள், டீச்சர்."

சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பட்டாசு செய்கிற ஊரில் வெடி வைப்பது கொண்டாட்டத்துக்கு அல்லவா?

"ஏலே, இவுக அப்பாவுக்கு வெடி வச்சு வரவேத்தாகளாம்லே! மந்திரியாக்கும்!" என்று ஒரு பையன் கத்தினான்.

"எங்கப்பாவுக்கு ஒரு ஊசி வெடிகூட எவனும் வைக்கலையே!" என்றான் இன்னொருவன்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து என் பெயர் 'வெடி'. முதுகுக்குப் பின்னால் காகிதப் பையை ஊதி உடைப்பார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு குனிவேன். அதற்கும் சிரிப்பு. வாய் திறந்தால் சிரிப்பு என்று பேச்சையே விட்டேன், ஒரு மாதம். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழுததற்கு அம்மா சொன்னாள்: "இந்தக் கிழமை முடியட்டும், நிப்பாட்டுறன்."

அந்த வாரம்தான், கடைசி பெஞ்சில் இருக்கும் நாரணாபுரத்துப் பெண் சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, நெசமாச் சொல்லு. ஒங்கப்பா செத்துட்டாகளா?"

தலையாட்டினேன்.

"எங்கன பட்டுச்சு?"

"நெஞ்சில."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எங்கம்மாவுக்கு ஒடம்பு பூரா. பட்டாசுக் கம்பெனில மருந்து பத்திக்கிருச்சு. மொகத்தக்கூடக் காட்டல."

பிறகு எழுந்து பையன்கள் பக்கம் திரும்பினாள். "இனி எவனாச்சும் பை ஒடைச்சா, கைய ஒடைச்சிருவேன்லே!"

யாரும் உடைக்கவில்லை. வாரம் முடிந்தது, அம்மா என்னை நிறுத்தவில்லை. நாரணாபுரத்துக்காரியின் பெஞ்சுக்காரியும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரானோம். என் பேச்சு எனக்குத் திரும்பி வந்தது. அதைக் கேட்டு அவர்களும் சிரித்தார்கள்தான். ஆனால் நானும் கூடச் சிரித்தேன்.

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று நாரணாபுரத்துக்காரி சொன்னாள்: "அப்பா என்னைய கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லிட்டாக. தங்கச்சி படிக்கணும்ல." அவளுடைய அம்மா செத்த அதே கம்பெனி. நான் "சரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பள்ளி திறந்தபோது அவள் இடம் காலியாக இருந்தது.

எனக்காக ஒரு வகுப்பையே எதிர்த்து நின்றவளிடம், போகாதே என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க மாட்டாள், ஆனாலும் சொல்லியிருக்கலாம்.