அண்ணன் வாங்கிய பச்சை

அந்தக் கார் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பிளாஸ்டிக் கார். எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு தீப்பெட்டியின் மேல் அதைத் தூக்கி வைத்துக் காயவிட்டிருந்தான் அண்ணன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நான் தோள்பையைக் கழற்றாமலே அதன் முன்னால் நின்றுவிட்டேன். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தில் அது கரும்பச்சைக் கார். ஜன்னலில் இருந்ததோ நல்ல பழுப்பு, அதில் கொஞ்சம் சிவப்பும் ஓடியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. காக்ஸ் டவுனில், சர்ச்சுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் கார்டு, வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பவர். அண்ணன் மெட்ரிக் முடித்துவிட்டு ஃபயர்மேன் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தால் ஒருநாள் இன்ஜின் டிரைவராகலாம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவன் வேறெதுவும் ஆக விரும்பியதில்லை. அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் கார் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்தது. மரப்பெட்டிகளுக்கு ஆணியடித்துக் கொடுத்த அண்ணனுக்கு, பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டியை அந்த வீட்டு ஆன்ட்டி கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் உறவினர் யாரோ லண்டனிலிருந்து அனுப்பியதாம்.

பெட்டியைத் திறந்ததும் எங்கள் இருவருக்குமே ஏமாற்றம். உள்ளே கார் இல்லை. வெளிறிய பிளாஸ்டிக் சட்டங்களில் சக்கரம், கதவு, இருக்கை, ஸ்டீயரிங் என்று துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே சின்ன டியூபில் பசையும் மடித்து வைத்த ஒரு படத்தாளும். பெயின்ட் நாமேதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தாளின் ஓரத்தில் எழுதியிருந்தது. ஏமாற்றம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஒரு கார் இத்தனை துண்டாகப் பிரியும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

இருவருக்கும் பெயின்ட் அடித்துப் பழக்கமில்லை. வீட்டில் கிடந்த கறுப்பு எனாமலை, என் டிராயிங் பிரஷால், காலியான சட்டத்தின்மேல் முதலில் பூசிப் பார்த்தோம். ஒரே தடவையில் மூடிவிட வேண்டும் என்று அப்பிய இடமெல்லாம் பெயின்ட் வழிந்து நுனியில் சொட்டாகத் தொங்கியது. மெல்லிசாகப் பூசினால் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தெரிந்தது. காய்வதற்குள் தொட்டுப் பார்த்ததில் என் கைரேகை பதிந்தது. கெட்டியாக இருக்கிறதே என்று தின்னர் கலந்தபோது பிளாஸ்டிக்கே இளகி வெல்லப்பாகு மாதிரி ஆனது. அண்ணன் பதறவில்லை. இன்னொரு துண்டை எடுத்து, இந்தமுறை டர்பன்டைன் விட்டுப் பார்த்தான். அது ஒன்றும் செய்யவில்லை. மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு மறுபடி ஒன்று என்று நாங்களாகவே கண்டுபிடித்தோம். கதவின் கோட்டுப் பள்ளத்தை பெயின்ட் அடைக்காமல் இருக்க பிரஷை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினோம்.

பச்சை பெயின்டுக்கு அவன் சைக்கிள் கடைக்குப் போனான். சைக்கிள்களுக்கு அடித்தது போக மிச்சமிருந்த டப்பாக்களை அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். பேர் எழுதிய தாளெல்லாம் எப்போதோ உரிந்துபோயிருக்கும், மூடியில் வழிந்திருப்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். "எது பேக்கோ எடுத்துக்கோப்பா" என்று கடைக்காரர் கன்னடம் கலந்து சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாராம். அண்ணன் எடுத்தான். நான் பள்ளிக்கூடத்திலிருந்த நேரத்தில் வண்டி முழுவதையும், சொட்டில்லாமல், கைரேகை இல்லாமல், அழகாகப் பூசியும் முடித்தான்.

"ஏண்ணா பிரவுன் அடிச்சே?" என்று கேட்டேன்.

"பிரவுனா? பச்சைதானே."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். வாசலிலிருந்து ஒரு கொய்யா இலையைப் பறித்து வந்து காரின் பக்கத்தில் வைத்தேன். "இது பச்சை. அது பிரவுன்."

அவன் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இலை கொஞ்சம் வெளுப்பா இருக்கு. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "நீ நெஜமாத்தான் சொல்றியா?"

அந்த மாலை எங்களுக்குப் பொழுது போனதே தெரியவில்லை. தக்காளி, பச்சை மிளகாய், அம்மாவின் நூல்கண்டுகள், வேதாகமத்தின் சிவப்பு நாடா எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினேன். சிலவற்றைச் சரியாகச் சொன்னான், சிலவற்றைத் தப்பாக. நீலமும் மஞ்சளும் ஒருதரம்கூடத் தப்பவில்லை. "இலை பச்சைன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்றேன். அதைப் பாத்துச் சொன்னேனா, தெரிஞ்சு சொன்னேனான்னு இப்பத்தான் யோசிக்கிறேன்" என்றான். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாக, "கோலார்ல இருக்கிற எங்க தம்பியும் இப்படித்தான். பழுத்த தக்காளியை நான்தான் பொறுக்கித் தரணும். சோம்பேறின்னு திட்டுவேன்" என்றாள். எனக்கு எல்லாம் வேடிக்கையாகவே இருந்தது, அப்பா டியூட்டி முடிந்து வரும்வரை.

அவரிடம் நான்தான் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இருந்த இடத்தில் மறுபடி வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து தன் கைவிளக்கைக் கொண்டுவந்தார். கண்ணாடியைத் திருப்பினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மாறும் மண்ணெண்ணெய் விளக்கு. இருட்டத் தொடங்கியதும் அண்ணனை எங்கள் வீட்டு கேட்டருகே நிறுத்திவிட்டு, தெருவின் அந்தக் கோடிக்கு நடந்தார். நான் அண்ணன் பக்கத்தில் நின்றேன். தூரத்தில் விளக்கு சிவப்பாக எரிந்தது. "சிவப்பு!" என்று கத்தினான் அண்ணன். விளக்கு மாறியது. எனக்குப் பச்சை பளிச்சென்று தெரிந்தது.

"வெள்ளை!"

அப்பா இப்போது நிஜமான வெள்ளையைக் காட்டினார். "அதேதான், மாத்தவே இல்லையே?" என்றான் அண்ணன். அவன் கேட்டது அப்பாவுக்கு எட்டியிருக்காது. என்னைத் திரும்பிப் பார்த்தான். என் முகத்திலிருந்து புரிந்துகொண்டான். அதன்பிறகு விளக்கு மாறியபோதெல்லாம் அவன் வாயைத் திறக்கவில்லை. அப்பா திரும்பி வந்து, விளக்கை அணைத்து, அவன் தோளில் கைவைத்தார். "கண் டெஸ்ட்ல இதைத்தாண்டா மொதல்ல பாப்பாங்க" என்றார். "அங்க போய் நின்னுட்டுத் தெரியறதுக்கு, இங்கயே தெரிஞ்சது நல்லது." சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. அண்ணன் அன்று சாப்பிடவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் ரயில் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவான்.

அவனை அதிலிருந்து மீட்டது ஒரு புத்தகம். மிஷன் ஆஸ்பத்திரி கண் டாக்டரம்மாவிடம் அப்பா கூட்டிப்போனபோது நானும் போனேன். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள், அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் எண்கள். எனக்கு எல்லா எண்ணும் தெரிந்தது, அண்ணனுக்கு வெறும் புள்ளிகள். அவன் தலை தாழ்ந்துகொண்டே போனது. டாக்டரம்மா ஒரு பக்கத்தைத் திருப்பினார். நான் எவ்வளவு பார்த்தும் அதில் ஒன்றுமில்லை. அண்ணன் சட்டென்று ஒரு எண்ணைச் சொன்னான்.

"கரெக்ட்" என்றார் டாக்டரம்மா. "இது உன்ன மாதிரி கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். உன் தங்கச்சிக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியலையா? நெஜமாவா? இதோ, இங்க பாரு" என்று விரலால் வரைந்து காட்டினான். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். மற்றவர்களுக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன தனக்குத் தெரியும் என்று ஒவ்வொரு சுவரையும் மரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தான். அன்றிரவுதான் ஒழுங்காகச் சாப்பிட்டான். காரின் இருக்கைகளுக்கு நிறம் என்னைச் சொல்லச் சொன்னான். வண்டியை மாற்றிப் பூசட்டுமா என்று நான் கேட்டதற்கு மட்டும், "வேணாம், எனக்கு அது பச்சைதான்" என்றான்.

ரயில்வே மனுவை அவனே போய்த் திரும்பப் பெற்றான். பிறகு ஒரு தொழிற்சாலையில், லேத்தில் கடைந்து வரும் இரும்புத் துண்டுகளை மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்கும் பிரிவில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றான். ரயிலில் போகும்போது ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்காருவான், தாண்டிப்போகும் இன்ஜினைத் தலையை நீட்டிப் பார்ப்பான். வருத்தம் அவனை விட்டு முழுக்கப் போனது என்று என்னால் சொல்ல முடியாது.

எனக்கு மகன் பிறந்து பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், அவன் வரைந்த மரங்களுக்கெல்லாம் இலை பழுப்பாக இருக்கிறது என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளியிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போனேன். டீச்சர் சொன்னதைக் கேட்டதும் அண்ணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக் குல்மொஹர் மரத்தைக் காட்டி, "அதுல பூ இருக்கா, பாரு" என்றான். கோடைகாலம், மரம் முழுக்கச் சிவப்பு. என் மகன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இல்லையே மாமா" என்றான். "எனக்கும் தெரியல" என்றான் அண்ணன், அத்தனை சந்தோஷமாக. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வராந்தாவில் வேறுமாதிரிப் பார்ப்பவள் நான் ஒருத்திதான்.