(இ) பிரிவுக்குப் பதில்

சட்டசபை என்றால் சென்னைக் கோட்டைக்குள் நடப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதில் பாதி எங்கள் தாலுகா ஆபீஸில், என் மேஜைமேல் நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நானும் அப்போது சிரித்தவன்தான்.

விஷயம் இதுதான். சபையில் மெம்பர் ஒருவர் கேள்வி கேட்க வேண்டுமானால், தோன்றியபோது எழுந்து கேட்டுவிட முடியாது. பல நாள் முன்பே எழுதி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சபை ஆபீஸ் ஒப்புக்கொண்டால் அதற்கு ஒரு நம்பர் போட்டு இலாகாவுக்கு அனுப்பும். இலாகா கலெக்டரைக் கேட்கும். கலெக்டர் டிவிஷன் ஆபீசரைக் கேட்பார். அவர் தாசில்தாரைக் கேட்பார். தாசில்தார் என்னைக் கேட்பார். எனக்குக் கீழே கேட்க ஆள் இல்லை. ஆகவே நான் பதில் எழுதுவேன். அந்தப் பதில் வந்த வழியே மேலே ஏறும். நான் "மிகவும் மோசம்" என்று எழுதியது அடுத்த படியில் "சற்றுக் குறைபாடு உண்டு" ஆகும். அதற்கடுத்த படியில் "கவனிக்கப்பட்டு வருகிறது" ஆகும். மந்திரி கையில் போய்ச் சேரும்போது "இல்லை" என்று ஒரே சொல்லாகியிருக்கும். சபைக் கேள்வி வந்துவிட்டால் அதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். அன்று மற்ற எந்தக் காகிதத்தையும் தொடக்கூடாது. சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தைக்கூடத் தாசில்தார் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வார்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில். நான் சைக்கிளில் ஆபீஸ் போய் வருகிற குமாஸ்தா. யுத்தம் முடிந்த மறு வருஷம் நடந்த தேர்தலில் ஜெயித்த எங்கள் மெம்பர், நாலு வீடு தள்ளிக் குடியிருந்த கடலைக்காட்டு விவசாயி. ஜெயிலுக்குப் போய் வந்தவர். ஊர் முறையில் எனக்கு மாமா. சபை கூடுகிறதென்றால் கரி போட்டு ஓடும் பஸ்ஸைப் பிடித்து அரியலூர் போய், அங்கிருந்து எழும்பூர் ரயில் ஏறுவார். திரும்பி வந்ததும் எங்களுக்கு முழுச் சபையையும் நடத்திக் காட்டுவார். மணி எப்படி அடிக்கும், சபாநாயகர் வரும்போது எப்படி எழுந்து நிற்க வேண்டும், கேள்வி நேரத்தில் நம்பரை மட்டும் எப்படிச் சொல்ல வேண்டும், எல்லாம் வரும். முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால் கேள்வி போச்சு. ஒரு முறை காபி குடிக்கப் போன இடத்தில் பேச்சு நீண்டு, கடலைப்புழுவைப் பற்றிய தம் கேள்வியை அப்படித்தான் கோட்டைவிட்டார். ஆனால் காபி பிரமாதம் என்று அதையும் சேர்த்தே சொல்வார். ஒளிவு மறைவு கிடையாது.

எங்கள் ஊரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஒரு நர்ஸம்மா. அந்த நர்ஸம்மா புருஷனோடு திருச்சிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி பூட்டியே கிடந்தது. அது பூட்டிக் கிடந்தபோதுதான் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தான். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டி கட்டி டவுனுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை.

மறுபடி என் மனைவிக்கு ஐந்து மாதம் ஆனது. ஆஸ்பத்திரிப் பூட்டு அப்படியே இருந்தது. மனு போடலாமே என்பீர்கள். மனுக்கள் எங்கே போய்ப் படுக்கின்றன என்பது குமாஸ்தாவுக்குத் தெரியாதா? என் மனைவி கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு மனு போட்டுவிட்டு வந்தாள். நான் மெம்பரிடம் போனேன்.

"கேள்வி போட்டுடலாம் மாப்ளே, அதுக்கென்ன? ஆனா நீ எழுதிக் குடு. நான் எழுதினா சபை ஆபீஸ்ல தள்ளிப்புடுறான்" என்றார் அவர்.

சர்க்கார் குமாஸ்தா சட்டசபை மெம்பருக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். (அ) இன்ன ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் பதவி காலியாக இருக்கிறதா? (ஆ) அப்படியானால் எப்போது நிரப்பப்படும்? இரண்டோடு முடித்துப் பேனாவை மூடினேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தினாள்.

"இன்னொண்ணும் கேளுங்க. பூட்டிக் கெடந்தப்ப பிரசவத்துல எத்தன பேரு செத்தாங்கன்னு கேளுங்க."

மெம்பர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்து (இ) போட்டேன்.

நோட்டீஸ் சென்னைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் கூத்து. மந்திரி பதில் சொன்னவுடன் மெம்பர் துணைக் கேள்வி கேட்கலாம். அதற்கு மட்டும் முன்கூட்டி நோட்டீஸ் வேண்டாம். ஆனால் கேள்வியாக இருக்க வேண்டும், பிரசங்கம் செய்யக்கூடாது. எங்கள் மெம்பருக்குப் பிரசங்கம்தான் வரும். ஆகவே ஞாயிறுதோறும் ஒத்திகை. நான் மந்திரி. என் மனைவி தானாகவே சபாநாயகர் பதவியை எடுத்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து கரண்டியால் தட்டுவாள்.

"காந்தி மகான் சொன்ன கிராம ராஜ்யத்துல, தாய்மார்களோட கண்ணீரை..." என்று மெம்பர் ஆரம்பிப்பார்.

டங்கென்று கரண்டிச் சத்தம் வரும். "கேள்வி எங்க மாமா? உக்காருங்க!"

மெம்பர் உட்கார்வார். எழுபது மைல் சுற்றுவட்டாரத்தில் அவரை உட்காரச் சொல்ல வேறு யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. இரண்டு மாத ஒத்திகையில் அவரிடம் நாலு நல்ல துணைக் கேள்விகள் தேறின. அதில் ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். புகார் எதுவும் வரவில்லை என்று மந்திரி சொன்னால், "புகார்ப் புத்தகம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பூட்டிக் கிடப்பது மந்திரிக்குத் தெரியுமா?" என்று கேட்க வேண்டும். புத்தகம் உண்மையிலேயே உள்ளே பூட்டித்தான் கிடந்தது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை தாசில்தார் என் மேஜைமேல் சிவப்புச் சீட்டு ஒட்டிய காகிதத்தைப் போட்டார். பிரித்தேன். என் கேள்வி! கேள்வி எழுதும்போது அது எங்கே போகும் என்பதை மட்டும்தான் யோசித்திருந்தேன். எங்கே வந்து சேரும் என்பதை, அதையே தொழிலாகச் செய்கிற நான், யோசிக்கவில்லை. இப்படி ஒரு முட்டாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எவனோ விவரமானவன் எழுதியிருக்கான்யா" என்றார் தாசில்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

முதல் இரண்டு பிரிவுகள் நர்ஸை நியமிக்கிறவர்கள் தலையில் விழுந்தன. (இ) எங்களுடையது. பிறப்பு இறப்புக் கணக்கைக் கிராம முன்சீப் எழுதுவார். அதன் நகல் மாதாமாதம் தாலுகா ஆபீஸுக்கு வரும். நகலைப் புரட்டினேன். எங்கள் ஊரில் அந்த ஒரு வருஷத்தில் கிழவர்கள் சிலர் செத்திருந்தார்கள், பிரசவத்தில் யாரும் சாகவில்லை. நேரே முன்சீப் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

"ஒன் புள்ளையச் சொல்றியா? நான் எழுதத்தானே வந்தேன்? பேரு வெக்காத புள்ளைக்கு என்னத்தை எழுதுறது, வுடுங்கன்னு நீதானே சொன்னே" என்றார் முன்சீப்.

சொன்னேன்தான். ஊர் வழக்கமும் அதுதான். பேர் வைக்காத குழந்தையை யாரும் புத்தகத்தில் ஏற்றுவதில்லை. அன்றைக்கு எனக்கு யாரும் கண்ணில் படாமல் இருந்தால் போதுமென்று இருந்தது. இப்போது சர்க்கார் என்னைப் பார்த்துக் கேட்கிறது, எத்தனை பேர் என்று. நான் "ஒருவருமில்லை" என்று எழுதினால் அது புத்தகப்படி சரி. கையெழுத்துப் போடலாம். எவனும் கேட்க மாட்டான். என் மனைவி கேட்பாளே! எனக்கு என்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அங்கேயே காகிதம் வாங்கி, தாமதமாகப் பதிவு செய்வதற்கு ஒரு மனு எழுதி முன்சீப்பிடம் கொடுத்தேன். அடுத்த வீட்டுக்காரர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் பதில் எழுதினேன். (இ) ஒன்று.

தாசில்தார் படித்தார். "நேத்துவரைக்கும் புத்தகத்துல இல்லையே. யாரு சொன்னது?"

"நான்தாங்க. என் பிள்ளைதாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். என்னையும் பார்த்தார், கேள்வியையும் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"கேள்வியும் நீ, பதிலும் நீ, சாட்சியும் நீயா?"

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் பேனாவை எடுத்தார். ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். "மேல எவனாவது மாத்தினா எனக்குச் சொல்லு" என்றார். அந்த மனிதரை அதுவரை எத்தனை திட்டியிருக்கிறேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

சபைக் கேள்விக்கு ஒரு மகிமை உண்டு. பதில் வருவதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடும். மந்திரி எழுந்து "காலியாக இருக்கிறது" என்று சொல்லும்படி விட்டால் பலருக்குத் தலைவலி. ஒரு வருஷமாக யாருக்கும் கிடைக்காத நர்ஸ் பத்து நாளில் கிடைத்துவிட்டார். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், முப்பது வயதிருக்கும், ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவர் முதலில் கேட்டது துடைப்பம். என் மனைவிக்கு அப்போது நாள் நெருங்கிவிட்டது. நான் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பூட்டை உடைக்க உதவினேன். சாவி எங்கே என்று எவனுக்கும் தெரியவில்லை.

ஊரே சந்தோஷப்பட்டது, மெம்பரைத் தவிர.

"என்னா மாப்ளே இப்படிப் பண்ணிப்புட்டாங்க! பதவி காலியில்லைன்னு ஆயிடுச்சே. நாலு துணைக் கேள்வியும் வீணாப் போச்சே. அந்தம்மா ஒரு வாரம் கழிச்சு வந்து சேரக்கூடாதா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி இருந்தது. மெம்பர் பேச்சை நிறுத்திவிட்டு, மறுநாளே ரயில் ஏறினார்.

அவர் போன நாலாம் நாள் காலை பத்து மணிக்கு எங்களுக்குப் பெண் பிறந்தது. இந்தப் பிள்ளைக்கும் கொடி சுற்றியிருந்ததாம். நர்ஸம்மா ஒரு விரலை உள்ளே கொடுத்து அதைத் தலைக்கு மேலே கழற்றிவிட்டு, "சார், அழற சத்தம் கேக்குதா? இனிமே நீங்க அழாதீங்க" என்று உள்ளிருந்தே சொன்னார். அவ்வளவுதான் வேலை. ஒரு விரல்.

மெம்பர் திரும்பி வந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், சர்க்கரை கொடுத்தார், உட்கார்ந்தார். வழக்கம்போல் சபையை நடத்திக் காட்டுவார் என்று காத்திருந்தோம். மெதுவாகத்தான் சொன்னார்.

"நம்பரைச் சொன்னேன். மந்திரி எந்திரிச்சாரு. (அ) இல்லைன்னாரு. (ஆ) கேள்வி எழவில்லைன்னாரு. (இ) ஒன்றுன்னாரு. உக்காந்துட்டாரு."

"நீங்க துணைக் கேள்வி கேட்டீங்களா?" என்றேன்.

"நாலும் மறந்துபோச்சு மாப்ளே. சபாநாயகரு என்னையே பாக்குறாரு. வாயில வந்ததைக் கேட்டேன். அந்த ஒண்ணு யாரு வூட்டுப் புள்ளைன்னு மந்திரிக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"தனி நோட்டீஸ் வேணும்னாரு. அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க."

எனக்குச் சுரீரென்றது. மந்திரிமேல் குற்றம் சொல்ல முடியாது. தெரியாததைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். நானே ஆயிரம் தடவை படித்த வாசகம். ஆனாலும் என் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் கட்டிலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப சபையில நம்ம பையனைச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னாங்கம்மா. எல்லாரும் கேட்டாங்க. அச்சுலயும் வரும்" என்றார் மெம்பர்.

"அது போதும் மாமா" என்றாள் அவள். பிறகு பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "இல்ல, போதாது. அந்த நோட்டீஸையும் குடுத்துடுங்க. யாரு வூட்டுப் புள்ளைன்னு அவங்க கேட்டு அனுப்பட்டும். காகிதம் இவரு மேஜைக்குத்தானே வரும்? பதிலை நான் சொல்றேன்."

நான் எழுந்துபோய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தேன்.