நாத்தனார் முகர்ந்து கொடுத்த ஒயின்

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் பன்னிரண்டு மேசை போட்ட உணவகம் அது. அதன் அடுப்படியைப் பதினான்கு வருஷம் ஆண்டவளுக்கு, பரிமாறுகிறவர்கள் வைத்த பட்டப்பெயர் எலுமிச்சை அக்கா. கூட்டம் வருவதே அவள் செய்யும் ஒரே ஒரு கோழிக்காகத்தான். எலும்பில்லாத நெஞ்சுக்கறியைக் குறுக்கே பிளந்து, தட்டி மெல்லிசாக்கி, உப்பும் மாவும் பட்டும் படாமல் புரட்டி வெண்ணெயில் போடுவாள். பொன்னிறமானதும் கறியை எடுத்துவிட்டு, அதே சட்டியில் பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு கரண்டி வெள்ளை ஒயின். ஒயின் பாதியாகச் சுண்டியதும் எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த வெண்ணெய் ஒரு கட்டி. அவ்வளவுதான். வயிற்றில் பாரமாக இறங்காத சாப்பாடு. சட்டியில் எந்த ஒயின் போகிறதோ அதேதான் சில்லென்று கோப்பையிலும் போக வேண்டும். அதில் மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வாய்க்குள் போய் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது என்பாள்.

ஒயின் ஊற்றும் வேலை அவளுடைய நாத்தனாருக்கு. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதே எலுமிச்சை அக்காதான். புட்டியை எப்படித் திறப்பது, தக்கை கெட்டுப்போயிருந்தால் ஒயினில் எப்படி நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும் என்பதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது.

ஒரு மழைக்காலத்தில் எலுமிச்சை அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாளில் அவள் எழுந்துவிட்டாள். மூக்கு எழவில்லை. உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிந்தன. வாசனை மட்டும் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் கையை விரித்தார். விஷயம் புருஷனுக்கும் நாத்தனாருக்கும் மட்டுமே தெரியும். வேலை போய்விடுமே என்று அவள் கலங்கி உட்கார்ந்தபோது நாத்தனார்தான் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன்ல அண்ணி."

இருக்கத்தான் இருந்தாள், எட்டு மாதம். வெண்ணெயின் சடசடப்பு அடங்குவதைக் காதால் கேட்டு, நிறத்தைக் கண்ணால் பார்த்து எலுமிச்சை அக்கா சமைத்தாள். மிச்சமெல்லாம் நாத்தனார் பொறுப்பு. கறி புதுசா என்று பார்ப்பாள், புட்டி திறந்ததும் முகர்ந்து தலையாட்டுவாள், சட்டியில் ஒரு கரண்டி வழித்து ருசி சொல்வாள். சாப்பிட வந்த ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேசையெல்லாம் நிரம்பியிருந்த நேரம். நாத்தனார் புதுப் புட்டியைத் திறந்து, முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று நீட்டினாள். அவள் வாங்கிச் சட்டியில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு திரும்பி வந்தது. அடுத்து இரண்டு. பின்னாலேயே இன்னும் நாலு. பரிமாறுகிறவன் அவள் முகத்தைப் பார்க்காமல், ஈர அட்டை வாடை அடிக்கிறதாம் என்றான்.

முதலாளி உள்ளே வந்தார். கத்தவில்லை. இரண்டு கோப்பைகளை அவள் முன்னால் வைத்து, இதில் எது கெட்டது என்று கேட்டார். ஒன்றை முகர்ந்தாள். மற்றதை முகர்ந்தாள். அவள் மூக்குக்கு இரண்டும் வெறும் தண்ணீர். இப்படிக் கேட்கத் தெரிந்தவருக்குப் பதிலும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே வேலை போயிற்று. அடுப்படி நாத்தனார் கைக்கு வந்தது.

உடை மாற்றும் அறையில் அவளை நிறுத்தி எலுமிச்சை அக்கா கேட்டாள். "தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"முதலாளிகிட்ட சொன்னேன், அவர் நம்பல. காட்டுன்னார்." நாத்தனார் தலையைக் குனியவில்லை. "எத்தனை நாளைக்கு அண்ணி நான் உங்களுக்கு மூக்கா இருக்கறது? ருசி பாக்கறது நான், பேரு உங்களுக்கு."

அதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் புருஷன், மடியில் ஒரு மெஷின் தலையை வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறக்கும் முன்பே, முதலாளி ரொம்பப் பேசிவிட்டாரா என்று கேட்டான். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவனுக்கே புரிந்தது. எண்ணெய்ச் சொட்டு அவன் வேட்டியில் விழுந்தது.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

எண்ணெய்க் குப்பியை மூடிக் கீழே வைத்தான். "முதலாளிகிட்ட சொல்லிட்டேன்னு போன வாரமே எங்கிட்ட சொன்னா. உன்கிட்ட சொன்னா நீ பதறுவே. அவளும் பாவம், ஒத்தையா நிக்கறா."

"நான் மட்டும் யாரு கூட நிக்கறேன்?"

அவன் மெஷின் பக்கம் குனிந்துகொண்டான். ஒரு வாரமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். காலையில் குடை எடுத்துக் கொடுத்து, பார்த்துப் போ என்று வழியனுப்பியிருக்கிறான். நாத்தனார் செய்ததை எப்படியோ விழுங்கிவிடலாம் போலிருந்தது. அந்தக் குடைதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

நாத்தனார் தனி வீடு பார்த்துப் போனாள். எலுமிச்சை அக்கா ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் காய் வேகவைக்கும் வேலையில் சேர்ந்தாள். வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. பேச்சுதான் குறைந்தது.

இரண்டாவது வருஷம் ஒரு நாள் பஸ் படியில் நிற்கும்போது டீசல் புகை நாறியது. நாற்றத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவள் ஊரிலேயே அவளாகத்தான் இருக்கும். அப்புறம் சோப்பு, ஈரத்தலை, காபி என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோழியை வீட்டில் செய்தாள். கடையில் வாங்கிய வெள்ளை ஒயினைத் திறந்ததும் பச்சை ஆப்பிள் வாசனை வந்தது. கண்ணை மூடி அப்படியே நின்றுவிட்டாள். அதற்குள் வெண்ணெய் கருகிவிட்டது. சட்டியை மாற்றவில்லை. அதிலேயே முடித்து இரண்டு தட்டில் வைத்தாள். புருஷன் ஒரு வாய் சாப்பிட்டு, ஒயினை ஒரு மடக்குக் குடித்தான்.

"தீஞ்ச வாடை ஏதாவது வருதா?" என்று கேட்டாள்.

"சேச்சே, பிரமாதமா இருக்கு."

அன்பினால்தான் சொல்லியிருப்பான். சொல்லாமல் விட்டதும் அன்பினால்தான் என்பான். அவள் கருகின கறியை மென்று, மேலே ஒரு வாய் ஒயினைக் குடித்தாள். ஒயின் நன்றாகவே இருந்தது. மூக்கு திரும்பி வந்துவிட்டது என்பதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.