அம்சவல்லி அடக்கிய சத்தம்

அம்சவல்லியை வீட்டுக்கு அனுப்ப அந்தக் கம்பெனி மூன்று வருஷமாக முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு மீன்தொட்டியின் சத்தம் அதற்குக் கைகொடுக்க வந்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு ரேடியேட்டர் செய்யும் கம்பெனி. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், எட்டு வருஷம் அவள் லீக் டெஸ்டில் நின்றாள். செய்து முடித்த ரேடியேட்டரைத் தண்ணீரில் முக்கி உள்ளே காற்றடித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். கடுகளவு குமிழியும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒருநாள் ஆள் பற்றாக்குறை என்று அவளைப் பிரஸ் மிஷினில் நிறுத்தினார்கள். உற்பத்தி வேகமாகப் போகட்டும் என்று எந்தப் புண்ணியவானோ கையைக் கண்டால் மிஷினை நிறுத்தும் சென்சாரைப் பிடுங்கி வைத்திருந்தான். அம்சவல்லியின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளிடம் ஒரு காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் நிம்மதியாக இருக்கச் சொன்னார்கள். அவள் பேனாவைத் தொடவே இல்லை.

"ரெண்டு போச்சு, மூணு கீது. அதுக்கு இன்னா வேலையோ குடுங்க" என்றாள்.

ரிசப்ஷனில் இருக்கும் மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். மீனுக்குத் தீனி போடுகிறவள் என்று நாலு பேர் சிரித்தால் ஒரு மாதத்தில் ஓடிவிடுவாள் என்பது அவர்கள் நினைப்பு. நாலு பேர் சிரிக்கத்தான் சிரித்தார்கள். அம்சவல்லி தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வாஸ்துவுக்காக எம்.டி. வாங்கி வைத்த ஆறடித் தொட்டி அது. உள்ளே முழங்கை நீளத்தில் ஒரே ஒரு அரோவானா மீன், எம்.டி.யைவிட மிடுக்காக உலாத்தும். தொட்டியின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. மேல்மட்டத் தண்ணீர் அதற்குள் வழிந்து, ஒரு பைப் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் ஃபில்டர் தொட்டிக்கு இறங்கும். மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். இறங்குகிற தண்ணீர் சும்மா இறங்கினால் யாருக்கும் தொல்லையில்லை. அது காற்றையும் சேர்த்து விழுங்கி, களக் களக் என்று விக்கி, அப்புறம் ஹொர்ரென்று ஏப்பம் விட்டது. நாளாக ஆக ஏப்பம் பெரிதானது.

தொட்டியை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டிங் ரூம். ஒரு திங்கட்கிழமை எம்.டி. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, யாரோ கக்கூஸில் தண்ணீர் விடுகிறார்களே, கொஞ்சம் காத்திருக்கலாமா என்று அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டுவிட்டார். எம்.டி.யின் மானம் கப்பலேறியது.

அட்மின் மேனேஜர் புருஷோத்தமனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்தக் காகிதத்தை அன்றைக்கு நீட்டியவரே அவர்தான். தொட்டியை எடுத்துவிட்டுச் சுவரில் டிவி மாட்டி, அதில் மீன் நீந்துகிற படத்தை ஓடவிடலாம் என்று எம்.டி.யிடம் சொல்லி முடித்துவிட்டார். வியாழக்கிழமை ஆள் வரும். தொட்டி போனால் அம்சவல்லிக்கு இங்கே வேலையில்லை. அதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

"புதன்கிழமைக்குள்ள சத்தத்த நிறுத்திக் குடுத்தா?" என்று அம்சவல்லி கேட்டாள்.

மெயின்டெனன்ஸே கைவிட்டதை நீ என்ன செய்துவிடப் போகிறாய் என்று அவர் சிரித்தார்.

மெயின்டெனன்ஸ் கைவிட்டது உண்மைதான். அந்தக் கம்பெனியில் சத்தம் என்றால் பேரிங், பேரிங் என்றால் கிரீஸ். ஃபிட்டர் முனிரத்தினம் மோட்டாரைக் கழற்றி மாட்டினான், அடியில் ரப்பர் கொடுத்தான், அலமாரியைச் சுற்றித் தெர்மாகோல் ஒட்டினான். தொட்டி அசராமல் ஏப்பம் விட்டது.

அம்சவல்லிக்குத் தன் தொழில்மேல் நம்பிக்கை. காற்று போகிற இடத்தைக் கண்டுபிடி, அடை. எட்டு வருஷம் கற்ற பாடம் அதுதானே? பைப்பின் தலையில் இருந்த மூடியில் ஊசித்துளை ஒன்று இருந்தது. அதுதான் காற்று வாங்குகிறது என்று எம்-சீலைப் பிசைந்து அப்பினாள். சத்தம் பட்டென்று நின்றது. ரிசப்ஷனில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மூக்கு ஒரு அங்குலம் உயர்ந்திருக்கும்.

இரண்டே நிமிஷம். காற்றுத்துளை இல்லாத பைப் பெட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சித் தீர்த்தது. அடி தெரிந்ததும் எருமை சேற்றிலிருந்து காலை இழுப்பதுபோல ஒரு சத்தம். பெட்டி நிரம்ப நிரம்ப, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு எருமை. புருஷோத்தமன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்சவல்லி அழவில்லை என்று எழுத ஆசைதான். பாத்ரூமில் போய் ஐந்து நிமிஷம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து எம்-சீலைச் சுரண்டினாள்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் வீட்டு வாசலில் டிரம்மிலிருந்து டியூப் போட்டுக் குடத்துக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தாள். தினமும் செய்கிற காரியம். டியூப்பின் கீழ்நுனியைக் கட்டைவிரலால் பாதி அழுத்திப் பிடித்தால் தண்ணீர் சத்தமே இல்லாமல் இறங்கும். டிரம்மில் தண்ணீர் குறைந்து மேல்நுனி வெளியே தெரிந்தால்தான் உறிஞ்சும், கத்தும். கட்டைவிரலை எடுத்தாள். அழுத்தினாள். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. காற்றை அடைக்க வேண்டியதே இல்லை. கீழே இப்படி நெருக்கிப் பிடித்து, பைப்பின் வாய்க்குமேல் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால், காற்றுக்கு உள்ளே நுழைய வழி ஏது?

படப்பை ஹார்டுவேர் கடை திறக்கும்வரை நின்று, தண்ணீரைக் கூட்டிக் குறைக்க ஒரு கேட் வால்வும் பைப் துண்டும் வாங்கிக்கொண்டுதான் ஆட்டோ ஏறினாள். அவள் கூப்பிட்டதற்காகச் சாப்பாட்டு நேரத்தில் முனிரத்தினம் வந்தான்.

"அக்கா, மேனேஜர் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

மோட்டாரை நிறுத்தினார்கள். இறங்கும் பைப்பின் தலையை வெட்டிக் குட்டையாக்கி, கீழே அலமாரிக்குள் வால்வை மாட்டினார்கள். பெட்டியின் அடியில் அடைத்து வைத்திருந்த இன்னொரு ஓட்டையைத் திறந்து, உயரமாக ஒரு பைப் நிறுத்தினார்கள். என்றைக்காவது தண்ணீர் ஏறினால் தரைக்கு வராமல் அதன் வழியாகப் போய்விடும். மோட்டாரைப் போட்டுவிட்டு அம்சவல்லி குனிந்து, மூன்று விரலால் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினாள். பெட்டியில் தண்ணீர் ஏறியது, குட்டைப் பைப்பின் வாயை மூழ்கடித்தது, அங்கேயே நின்றது. சத்தம் இல்லை. ஐந்து நிமிஷம் பார்த்தாள், பத்து நிமிஷம் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது.

மூன்று மணிக்கு வந்த புருஷோத்தமன், மோட்டாரை நிறுத்தி ஏமாற்றுகிறாயா, மீன் செத்தால் யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டார். மேலே வந்து விழுகிற தண்ணீரில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். வைத்தார். சட்டைக் கை நனைந்ததுதான் மிச்சம். கையை உதறினார்.

"சரி, நல்லதாப் போச்சு. தொட்டி இருக்கட்டும். இனிமே இதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் எதுக்கு? தீனிய செக்யூரிட்டி போட்டுடுவான்."

அம்சவல்லி குனிந்து வால்வைக் கால் சுற்றுத் திறந்துவிட்டாள். பெட்டித் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. எருமை வந்தது. மீட்டிங் ரூம் கதவு திறந்து எம்.டி. தலையை நீட்டினார்.

"ஃபில்டர்ல அழுக்கு சேர சேர தண்ணி வரத்து மாறும் சார்" என்று அவள் எம்.டி.யைப் பார்த்தே சொன்னாள். "தெனம் இத்த தொட்டுப் பாத்துத் திருப்பணும். யாரு வேணா திருப்பலாம். மேனேஜர் சாரே திருப்பட்டும்."

புருஷோத்தமனுக்கு வேறு வழியில்லை. டை தரையில் புரள மண்டியிட்டு, கை போன வேகத்தில் வால்வை மூடினார். தண்ணீர் குபுகுபுவென்று ஏறி, உயரப் பைப்புக்குள் விழுந்து, கட்டடமே கேட்கும்படி கொப்பளித்தது. பதறிப்போய்த் திறந்தார். மறுபடி எருமை. மூடினார். அரோவானா தொட்டியின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டது.

"அந்தம்மாவே பண்ணட்டும். தினமும்" என்றார் எம்.டி.

அம்சவல்லி அவசரப்படவில்லை. ஸ்டூலை அலமாரிக்கு முன்னால் இழுத்துப் போட்டாள்.

"கொஞ்சம் நவுந்துக்குங்க சார். அது என் எடம்."

புருஷோத்தமன் நகர்ந்தார்.