லெக்கொக்கோனில் கடல் இல்லாத காலை

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், பிறந்து வளர்ந்த எனக்கு இருபத்தேழு வயது. இந்த வருஷம் மார்ச்சில் வந்த தபாங் மாதப் பௌர்ணமி வரைக்கும் நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஆறு இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, கப்பல்கூட வருகிறது; கடல்தான் இல்லை. பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் போனால் பெரிய கடற்கரைகள் உண்டு. நான் வேலை பார்க்கும் கைபேசிக் கடையில் அதற்கு லீவு கிடைக்காது. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய ஒரு கடற்கரை ஆற்றுக்கு அந்தப் பக்கமே இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் குதித்தே விட்டேன்.

கிளம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பா இறந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அம்மா மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் மசாலாக் கடை வைத்திருக்கிறார். மாவ்பியிலிருந்து அங்கே காய்கறி கொண்டு வருபவர் ஊ முருகையா. (வயதில் பெரிய ஆண்களின் பெயருக்கு முன்னால் இங்கே ‘ஊ’ சேர்ப்போம்.) மனைவியை இழந்தவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அம்மாவைக் கேட்டிருந்தார். அம்மா அதை என்னிடம் மறைக்கவில்லை.

"நீ சரின்னா சரி. வேணாம்னா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது."

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கொண்டு வரும் புடலங்காய்தான். ஒரு நாள் முழுக்க மூன்று பேரும் எங்காவது போய் வரலாம் என்றேன். லெக்கொக்கோன் கடற்கரையைச் சொன்னது அவர்தான். "எனக்கு நல்லாத் தெரிஞ்ச இடம்" என்றாராம்.

காலை ஆறரை மணிக்கு பன்சோடான் துறையில் படகு ஏறினோம். ஆளுக்கு இருநூறு கியாட். பத்து நிமிஷத்தில் அக்கரையில் டலா. அங்கே போக வர ஒன்றரை லட்சம் கியாட்டுக்குக் கார் பேசினோம். டிரைவர் கோ தூ என்ற பர்மியப் பையன். அடிக்கடி போகிற இடம்தான் என்று ஊ முருகையா அவனிடமும் சொல்லிவைத்தார். துவாந்தேயில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டது, வழியில் இரண்டு இடத்தில் அடையாள அட்டை காட்டியது எல்லாம் சேர்த்து, நாற்பது மைல் போக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு தென்னந்தோப்புக்கும் "வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். ஓலைக் கூரை சாப்பாட்டுக் கடைகள், ஒரு சிறிய விடுதி, தென்னை வரிசை. அதைத் தாண்டி ஓடிப்போய் நின்றேன். கடல் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சாம்பல் நிறச் சேறு, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு.

கோ தூ சிரித்தான். "கடல் வெளியே போயிருக்கு. மத்தியானம் திரும்பி வந்துடும்" என்று பர்மியில் சொல்லிவிட்டு, ஊ முருகையாவைப் பார்த்தான். "நீங்கதான் அடிக்கடி வர்றவராச்சே, இவங்ககிட்ட சொல்லலையா?"

அவர் முகம் என் முகத்தைவிட ஏமாந்து போயிருந்தது. எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு தமிழில், "நான் வந்ததே இல்ல. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. முதல் நாளே பொய்யா? அம்மாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடுப்பில் கட்டியிருந்த தமெயினை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, "வாங்க, அது எங்க போயிருக்குன்னு பாத்துட்டு வருவோம்" என்று சேற்றில் இறங்கி நடந்தார். கடையில் கூலியாட்களை அதட்டி நாற்பது கிலோ மிளகாய் மூட்டையை இறக்க வைக்கும் அதே அம்மாதான்!

அரை மைலாவது நடந்திருப்போம். கால் வைக்கும் இடமெல்லாம் குட்டி நண்டுகள் சிதறி ஓடின. கணுக்கால் ஆழ ஓடை ஒன்றைத் தாண்டினோம். பிறகு, வந்தே விட்டது கடல்! குட்டையான, அழுக்கு நிற அலைதான். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் வானம். நான் கத்தினேன். அம்மா என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். நனைந்தோம், படம் எடுத்தோம், மணி பார்க்க மறந்தோம்.

தூரத்தில் கூடையோடு சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "தண்ணி ஏறுது!" என்று பர்மியில் கூவினார். திரும்பினால், கணுக்காலுக்கு இருந்த ஓடை பழுப்பு நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மூவரில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

ஊ முருகையா வெயிலுக்குக் கொண்டு வந்திருந்த குடையை ஊன்றி ஓடையில் இறங்கினார். நாலு எட்டில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. வீரம் காட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் உடனே திரும்பி வந்தார். அந்த அம்மாளைப் பார்த்துக் கைகூப்பி, தொண்டை கிழியப் பர்மியில் கத்தினார்: "எங்களுக்கு இந்த இடம் தெரியாது! எதுவுமே தெரியாது! வழி சொல்லுங்க!"

அந்த அம்மாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, ஓடையோரமாகவே எங்களை நெடுந்தூரம் மேலே கூட்டிப் போனார். அது அகலமாக விரிந்து ஆழம் குறைந்த ஓரிடத்தில், கைகோத்துக்கொண்டு தாண்டினோம். முழங்கால் அளவுதான். என் கையைப் பிடித்திருந்த ஊ முருகையா, "எனக்குப் பயமா இருக்கு" என்றார். அதை அவர் மறைக்கப் பார்க்கவில்லை.

மத்தியானம் கடல் சொன்னபடி தென்னையடிக்கே வந்துவிட்டது. அந்த அம்மாளையும் உட்கார வைத்து, சுட்ட இறாலும் சோறும் சாப்பிட்டோம். மூன்று மணிக்குக் கிளம்பி, ஆறு மணிப் படகுக்கு டலா துறைக்கு வந்துவிட்டோம். ஊ முருகையா டிக்கெட் எடுக்கப் போயிருந்தார்.

"எப்பம்மா?" என்றேன்.

"எது?"

"கல்யாணம்."

அம்மா என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார். "பொய் சொன்னாரே, கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. நமக்காகக் கத்தினப்ப போயிடுச்சு."

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிப் போனால் காலையில் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருக்கும். நீர் ஏறும் நேரத்தை அங்குள்ள கடைக்காரர்களிடம் கேட்காமல் சேற்றில் இறங்காதீர்கள். பதினொரு மணிக்குள் கரைக்குத் திரும்பிவிடுங்கள். அசல் அடையாள அட்டை, மாற்றுத்துணி, பழைய செருப்பு கட்டாயம். நீலக் கடலும் வெள்ளை மணலும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அந்தச் சாம்பல் கடலே போதும். இன்னும் நாலு தடவை போவேன்.

கல்யாணம் போன மாதம் நடந்தது. அடுத்த வாரம் இருவரும் ங்வே சாங் கடற்கரைக்குப் போகிறார்கள். பஸ் டிக்கெட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டே இரண்டு.