குறுக்குக் கோடு போட்ட ஏழு

சுடோகுவுக்கு விதி சுலபம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை, ஒவ்வோர் எண்ணும் குறுக்கு வரிசையில் ஒருமுறை, நெடுக்கு வரிசையில் ஒருமுறை, சின்னக் கட்டத்துக்குள் ஒருமுறை. குத்துமதிப்பாக எதையும் எழுதக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டல் புதிர் வேறு மாதிரி. ஓரத்தில் ஒரு தொகை கொடுத்திருப்பார்கள். அது வரும்படி கட்டங்களை நிரப்ப வேண்டும், ஒரே எண் திரும்ப வரக் கூடாது. இரண்டு கட்டத்துக்குப் பதினேழு என்றால் எட்டும் ஒன்பதும்தான், பேச்சே இல்லை. இதையெல்லாம் என் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். திருட்டுத்தனம் செய்தவளும் நானேதான்.

அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் திரும்பிவிட்டன. கவனம்தான் அங்கங்கே நழுவியது. மூளைக்குத் தினமும் வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். பேப்பரில் வரும் புதிரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

ஆரம்பத்தில் ஒரே வரிசையில் மூன்றை இரண்டு முறை போட்டுவைப்பார். மறுநாள் பேப்பரில் வரும் விடையோடு ஒத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் ரப்பரை எடுத்தேன். தப்பை அழித்து, அவருடைய நடுங்கும் எழுத்தைப் போலவே கோணல்மாணலாக எழுதிவைத்தேன்.

"எல்லாம் கரெக்டா கீது!" என்று மறுநாள் காபி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். அந்த முகத்துக்காக மறுபடியும் செய்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. துளி அளவு பிசகினாலும் பொருளைத் தூக்கி ஓரமாகப் போடுகிறவள், வீட்டில் தப்பையெல்லாம் பாஸ் செய்துகொண்டிருந்தேன்.

"திங்கக்கெழம கம்பெனி டாக்டராண்ட போறேன். ஃபிட்டுன்னு எழுதி வாங்கிக்கினு கிரேன்ல ஏறிடலாம்" என்று இந்த வாரம் அவர் சொன்னார். அவ்வளவு உயரத்தில் கண்டெய்னர் தொங்கும். கீழே ஆட்கள் நடமாடுவார்கள். அங்கே இவர் தப்பு செய்தால் அழிக்க நான் இருப்பேனா? புதுவாயலில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இன்று ஞாயிறு. இனியும் தள்ளிப்போட முடியாது என்று அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

அவர் பழைய பேப்பர் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "இது யாரு போட்ட ஏழு?"

ஏழின் நடுவே குறுக்குக் கோடு. ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்று எங்கள் தொழிற்சாலையில் அப்படித்தான் எழுதுவோம். கை நடுக்கத்தைக்கூட அப்படியே எழுதியவளுக்கு அந்தக் கோடு உறைக்கவில்லை.

"தெரிஞ்சிக்கினேதான் இருந்தீங்களா? ஏன் கேக்கல?"

"நீ சிரிச்சிக்கினு வேலைக்குப் போன. அத்த கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

"அப்ப கிரேன்?"

"நான் இன்னா பைத்தியமா, இப்பிடியே ஏற? அப்பிடிச் சொன்னாலாவது நீ வாயத் தொறப்பியான்னு பாத்தேன். இன்னும் கொஞ்ச நாள் ஆவும்னு டாக்டராண்ட சொல்லத்தான் போறேன்."

வெட்கத்தில் என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. அவர் ரப்பரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்றைய கூட்டல் புதிரை விரித்தார்.

"பக்கத்துல உக்காரு. கைய மட்டும் வெக்காத."

பதினேழு என்று போட்டிருந்த இரண்டு கட்டங்களுக்கு வந்தார். வெகுநேரம் யோசித்தார். எட்டு என்று எழுதினார். அடுத்ததிலும் எட்டு என்றே எழுதிவிட்டு, கீழ் வரிசைக்குப் போனார். இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர் அந்த இடத்துக்குத் திரும்பி வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.