இலையில்லாத ஆர்க்கிட்

கீழ்க்கட்டளையில் என் ஃப்ளாட் வாசலில், ஒரு மரக்கட்டையில் ஆர்க்கிட் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அபூர்வமான வகை. காட்டில் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு, மழையையும் காற்றின் ஈரத்தையும் குடித்தே வளர்வது. மண் வேண்டாம். இலையும் கிடையாது. சாம்பல் நிறத்தில் வெறும் வேர்கள்தான்.

ஒரு அமாவாசையன்று ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால், ஆர்க்கிட் மாட்டியிருந்த ஆணியில் மஞ்சளும் குங்குமமும் வைத்த புதுக் கற்றாழை தலைகீழாகத் தொங்குகிறது. எதிர் வீட்டு அக்கா தன் வாசலுக்குத் திருஷ்டிக் கற்றாழை மாற்றும்போது, என்னைக் கேட்காமலே எனக்கும் சேர்த்து மாற்றியிருக்கிறார்.

"உன்னோடது காஞ்சு போயிருந்துச்சும்மா, தூக்கிப் போட்டுட்டேன். தனியா இருக்கிற பொண்ணு, வாசல்ல காஞ்சது தொங்கினா நல்லாவா இருக்கும்?"

எனக்கு வந்த கோபத்தில் கீழே போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறி, கட்டையை எடுத்து வந்தேன். அவர் கண் முன்னாலேயே தண்ணீர் தெளித்தேன். சாம்பல் வேர்கள் மெல்லப் பச்சையாக மாறின.

"அய்யய்யோ, உயிரோட இருக்கு!"

"இருக்குக்கா. இலை செய்யிற வேலையை இதுல வேரே செய்யுது. யாரும் பாவப்பட வேண்டாம்."

கற்றாழையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆர்க்கிட்டை அந்த ஆணியிலேயே மாட்டினேன்.

இன்றைக்கும் வருகிறவர்கள், "செத்துப்போச்சு போல இருக்கே" என்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.